நிழலும் முகத்தின் பங்குதான்: ஸ்ரூடியோவில் மொடல் படங்களுக்கு வெளிச்சம் அமைக்கக் கற்றல்

கிளிநொச்சியில் ஒரு சிறிய ஸ்ரூடியோவில் வேலை பழகிய காலத்தில், சேலைக்கடை விளம்பரம் ஒன்றுக்காக ஓர் இளம் பெண்ணைப் படமெடுத்தேன். அவளுக்கு அதுதான் முதல் மொடல் வேலை. இரண்டு பிளாஷ்களைக் கமராவின் இரு பக்கமும் முகத்துக்கு நேராக வைத்தேன். பிறகு கணினியில் இன்னும் கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டினேன். படத்தைப் பார்க்க வந்த அவளது அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, படம் வடிவாத்தான் இருக்கு. ஆனா இது எங்கட பிள்ளையின்ர முகம் இல்லை."

ஊடகக் கற்கைகளில் பட்டம் முடித்து வந்தவன் நான். ஒளிப்படத்துக்கென ஒரு பாடம் இருந்தது. அதில் ஸ்ரூடியோ வெளிச்சத்துக்கு ஒரு விரிவுரை. எந்த லைற் எங்கே நிற்க வேண்டும் என்ற வரைபடத்தைப் பரீட்சைத் தாளில் பிழையில்லாமல் கீறியிருந்தேன். ஆனாலும் அந்த அம்மா சொன்னதுதான் சரி. அவருடைய மகளின் கன்னமேடு, நாடியின் கோடு, தோலின் கருமை எதுவும் படத்தில் இல்லை. நான் வைத்த வெளிச்சமே அவற்றை அழித்துவிட்டிருந்தது.

வடக்கு கிழக்கில் இன்று பல இளைஞர்களும் யுவதிகளும் கலியாண வீடு, சாமத்திய வீட்டுப் படங்களோடு நின்றுவிடாமல் உடுப்புக்கடை, நகைக்கடை, மணப்பெண் அலங்கார நிலையங்களுக்கான மொடல் படங்களையும் எடுக்கிறார்கள். அவர்களுக்காகவும், இனித்தான் தொடங்கலாம் என்று இருப்பவர்களுக்காகவும், அந்த முதல் பிழைக்குப் பிறகு நான் கற்றவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இதற்கு விலையுயர்ந்த பொருட்கள் வேண்டியதில்லை. பெரும்பகுதியை ஒரே ஒரு லைற்றோடு கற்றுவிடலாம்.

வெளிச்சத்தின் நான்கு குணங்கள்

யன்னலோ, எல்இடி விளக்கோ, பிளாஷோ, எந்த வெளிச்சத்திலும் நாம் பார்க்க வேண்டியவை நான்கு: திசை, பருமன், தூரம், நிறம்.

திசைதான் முகத்துக்கு உருவம் கொடுக்கிறது. கமரா இருக்கும் பக்கத்திலிருந்தே வரும் வெளிச்சம் நிழல்களை முகத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். முகம் தட்டையாகும். பக்கவாட்டிலிருந்து வந்தால் மேடும் பள்ளமும் தெரியும். கீழிருந்து வந்தால் எந்த முகமும் பேய்ப்படத்து முகமாகிவிடும். சூரியனை மேலே பார்த்தே பழகிய கண் அதை ஏற்பதில்லை.

பருமன் என்பது நிழலின் விளிம்பைத் தீர்மானிக்கிறது. நண்பகல் வெயிலில் நிற்பவரின் நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மப்பான நாளில் நிழலே தெரியாது. சூரியன் மிகப் பெரியதுதான், ஆனால் நமக்கு அது வானத்தில் ஒரு சிறிய வட்டம். முகில் மூடினால் முழு வானமும் ஒரே விளக்காகிவிடுகிறது. ஆகவே விளக்கின் உண்மையான அளவை விட, முகத்திலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே முக்கியம். 60 × 90 சென்ரிமீற்றர் சொப்ட் பொக்ஸ் 1 மீற்றரில் மென்மையான வெளிச்சம் தரும். அதையே 4 மீற்றருக்குப் பின்தள்ளினால் நிழல்கள் கடுமையாகும். மென்மை வேண்டும் என்று லைற்றைத் தூரத் தள்ளுவது தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழை. கிட்டக் கொண்டுவர வேண்டும்.

தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, நான்கில் ஒன்றாகக் குறையும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இந்த ஒரு விதியை வைத்தே பின்னணியின் நிறத்தை மாற்றலாம். முகத்திலிருந்து லைற் 1 மீற்றரில் இருக்கட்டும். சுவர் முகத்துக்கு 2 மீற்றர் பின்னால் இருக்கட்டும். அப்படியானால் சுவர் லைற்றிலிருந்து ஏறத்தாழ 3 மீற்றர். முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கே அதற்குப் போகும். வெள்ளைச் சுவர் படத்தில் கடும் சாம்பலாகத் தெரியும். கறுப்புத் துணி வாங்கக் காசில்லாத ஸ்ரூடியோவுக்கு இது பெரிய உதவி.

நிறத்தைக் கெல்வின் அலகில் சொல்வார்கள். நண்பகல் வெளிச்சமும் பிளாஷும் ஏறத்தாழ 5500 கெல்வின். பழைய வீட்டு மஞ்சள் மின்குமிழ் 2700 அளவில் இருக்கும். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறுகன்னம் மஞ்சளாகவும் வரும். கணினியில் முழுதாகத் திருத்த முடியாது. படம் எடுக்கும்போது அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். எல்இடி வாங்கும்போது வற்றைப் பார்ப்பதோடு பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணையும் பாருங்கள். அது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு. 95க்கு மேல் இருந்தால் நல்லது. மலிவான எல்இடி பலவற்றில் சிவப்பு குறைவு. மண்ணிறத் தோல் அதில் சாம்பல் பூத்துப் போகும்.

யன்னலிலிருந்து தொடங்குங்கள்

மின்சாரம் வேண்டாத முதல் ஸ்ரூடியோ யன்னல்தான். மொடலை யன்னலிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி, யன்னலுக்குப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். நீங்கள் யன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம், சுவரோரமாக நில்லுங்கள். யன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டினால் அதுவே பெரிய சொப்ட் பொக்ஸ்.

மேற்கத்தைய நூல்களும் காணொளிகளும் "வடக்குப் பார்த்த யன்னல் சிறந்தது, அதில் நேரடி வெயில் விழாது" என்று சொல்லும். ஐரோப்பாவுக்கு அது சரி. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் இறுதிவரை இங்கே நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலிலும் வெயில் விழலாம். உங்கள் அறையை ஒரு நாள் முழுக்கக் காலை, நண்பகல், மாலை என்று அவதானித்து, எந்த நேரத்தில் எந்த யன்னல் மென்மையாக இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

இந்தப் பக்க வெளிச்சத்தில் தேர்ந்த ஒருவர் இலங்கை மண்ணில்தான் உறங்குகிறார். கல்கத்தாவில் 1815இல் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரனுக்கு 48 வயதில்தான் முதல் கமரா கிடைத்தது. மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. இங்கிலாந்தில் அவருடைய ஸ்ரூடியோ, கண்ணாடி பதித்த ஒரு பழைய கோழிக்கூடு. திரைகளால் வெளிச்சத்தை அடைத்தும் திறந்தும், ஒரு பக்கத்தை இருளில் விட்டும் அவர் எடுத்த முகங்கள் இன்றும் பாடமாக இருக்கின்றன. 1875இல் கணவரோடு இலங்கை வந்தார். 1879இல் இங்கேயே இறந்தார். கல்லறை போகவந்தலாவையில் இருக்கிறது. களுத்துறைப் பகுதி மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் போன்றோரின் படங்களுக்குப் பெயர் உண்டு. இங்கே எடுத்தவற்றின் தலைப்பில் களுத்துறைக் குடியானவர் குழு என்பது போன்ற விவரணைதான் உண்டு. வெளிச்சத்தில் அவர்களுக்கும் அதே கவனம் கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை. இதைப் பற்றிக் கடைசியில் மீண்டும் கதைப்போம்.

ஒரு லைற், ஐந்து இடங்கள்

யன்னல் நகராது, ஆகவே மொடலை நகர்த்தினோம். லைற்றை நகர்த்தலாம். ஒரு ஸ்டாண்டில் ஒரு லைற்றும் குடை அல்லது சொப்ட் பொக்ஸும் போதும். மொடல் கதிரையில் இருக்கட்டும். லைற்றைக் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, முகத்தைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். கண்ணை மூக்கின் நிழலில் வையுங்கள். அமைப்பின் பெயரை அதுவே சொல்லும்.

முதலாவது, நேர் வெளிச்சம். லைற் கமராவோடு ஒட்டி, கண்மட்டத்தில். நிழல் கிட்டத்தட்ட இல்லை. கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் படங்களுக்கு இதைப் போன்ற சமமான வெளிச்சம்தான் வேண்டும். அங்கே முகத்தின் அளவுகள் தெளிவாகத் தெரிவதே தேவை. ஒரே அமைப்பை விளம்பரத்துக்கும் பாவிக்கும்போதுதான் சிக்கல். நான் செய்தது அதைத்தான்.

இரண்டாவது, வண்ணத்துப்பூச்சி அமைப்பு. லைற் முகத்துக்கு நேரே, ஆனால் உயரத்தில். மூக்குக்குக் கீழே சிறகு விரித்தது போல ஒரு சிறு நிழல் விழும். கன்னமேடு எழும்பித் தெரியும். 1930களில் ஹொலிவூட்டின் பரமவுண்ட் ஸ்ரூடியோ மார்லின் டீட்ரிச்சை இப்படிக் காட்டியதால் இதைப் பரமவுண்ட் வெளிச்சம் என்றும் சொல்வார்கள். அழகுசாதன, நகை விளம்பரங்களில் அதிகம் காணலாம். கண்குழி ஆழமானவர்களுக்கு இது பொருந்தாது, கண் இருண்டுவிடும்.

மூன்றாவது, வளைய அமைப்பு. லைற்றை ஒரு பக்கமாக 30 முதல் 45 பாகை நகர்த்துங்கள். மூக்கின் நிழல் கன்னத்தில் சற்றுச் சாய்ந்து விழும், ஆனால் கன்னத்து நிழலோடு சேராது. பெரும்பாலான முகங்களுக்கு இது பொருந்தும். புதியவரைப் படமெடுக்கும்போது இதிலிருந்து தொடங்கலாம்.

நான்காவது, றெம்பிரான்ட் அமைப்பு. லைற்றை இன்னும் பக்கமாகக் கொண்டுபோனால் மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் சேர்ந்துவிடும். நிழல் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே முக்கோண வடிவில் ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் றெம்பிரான்டின் ஓவியங்களில் இந்த வெளிச்சம் இருப்பதால் அந்தப் பெயர்.

ஐந்தாவது, பிளவு அமைப்பு. லைற் 90 பாகையில். பாதி முகம் வெளிச்சம், பாதி இருள். நாடகத்தன்மை கூடியது. எப்போதாவது ஒருமுறை போதும்.

இவற்றோடு இரண்டு சோதனைகள். கண்மணியில் லைற்றின் ஒளிப்பொட்டு விழுகிறதா பாருங்கள். மணிக்கூட்டு முகத்தை நினைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடைப்பட்ட மேற்பகுதியில் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண் உயிரற்றுத் தெரியும். அடுத்தது, மொடல் சற்றுத் திரும்பி இருந்தால் முகத்தின் எந்தப் பக்கத்தில் லைற் விழுகிறது என்று பாருங்கள். கமராவுக்கு அகலமாகத் தெரியும் பக்கத்தில் விழுந்தால் முகம் பருமனாகத் தெரியும். மறுபக்கத்தில் விழுந்தால் மெலிந்து தெரியும்.

நிழலின் அளவு

ஒரு லைற் பழகிய பிறகு இரண்டாவதை வாங்க ஓடாதீர்கள். முதலில் ஒரு வெள்ளை ரிஜிபோம் பலகை. அதை நிழல் பக்கத்தில், படத்தில் விழாதபடி முகத்துக்குக் கிட்டப் பிடித்தால் லைற்றின் வெளிச்சம் தெறித்து நிழலை மெல்லத் திறக்கும். அதே இடத்தில் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் நிழல் ஆழமாகும். நமது சிறிய அறைகளின் வெள்ளைச் சுவர்கள் நாம் கேட்காமலேயே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் கறுப்புத் துணி அடிக்கடி தேவைப்படும்.

வெளிச்சப் பக்கம் நிழல் பக்கத்தை விட இரண்டு மடங்கு பிரகாசமாக இருந்தால் வித்தியாசம் ஒரு ஸ்டொப். நான்கு மடங்கானால் இரண்டு ஸ்டொப். உடுப்புக்கடைப் படத்துக்கு ஒன்றுக்கு அருகிலும், உணர்வு வேண்டிய படத்துக்கு இரண்டு, மூன்றுக்கு அருகிலும் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது லைற் கிடைத்தால் அதை மொடலுக்குப் பின்னால், ஒரு பக்கமாக, உயரத்தில் வையுங்கள். கறுத்த தலைமயிரும் கறுத்த பின்னணியும் ஒன்றாகக் கலந்துவிடாமல் அது ஒரு மெல்லிய விளிம்புக் கோடு போடும். அது கமராவின் வில்லைக்குள் நேரே அடிக்காதபடி ஒரு கறுப்பு மட்டையால் மறையுங்கள்.

உபகரணங்களுக்காகக் கடன்படாதீர்கள். நுண்கடனில் சிக்கிய குடும்பங்கள் பட்ட பாட்டை நாங்கள் அருகிலிருந்து பார்த்தவர்கள். பற்றரியில் இயங்கும் ஒரு பழைய பிளாஷ், ஒரு வெள்ளைக் குடை, ஒரு ஸ்டாண்ட் என்பவற்றோடு தொடங்கினால் மின்வெட்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஸ்டாண்டின் காலில் மணல் நிரப்பிய பை ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். மண்மூட்டை கட்டத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு.

கமராவில் செய்ய வேண்டியவை

ஸ்ரூடியோவில் தானியங்கி முறையை மறந்துவிடுங்கள். பிளாஷ் என்றால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 செக்கன், எஃப் 8 என்று தொடங்கலாம். முதலில் பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வந்தால் அறை வெளிச்சம் கலக்கவில்லை என்று பொருள். பிளாஷ் மிகக் குறுகிய நேரமே எரிவதால் ஷட்டரின் வேகத்தை மாற்றி அதன் பிரகாசத்தை மாற்ற முடியாது. எஃப் எண்ணை, பிளாஷின் வலுவை அல்லது அதன் தூரத்தைத்தான் மாற்ற வேண்டும். ஷட்டரை அளவுக்கு மேல் வேகமாக்கினால் படத்தின் ஒரு பகுதியில் கறுப்புப் பட்டை விழும்.

எல்இடி என்றால் பார்ப்பதுதான் படத்தில் வரும், பழகுபவர்களுக்கு இலகு. ஆனால் நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் துடிக்கும். படத்தில் பட்டைகள் வந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100க்குக் கொண்டுவாருங்கள். முடிந்தவரை றோ கோப்பாகப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை மொடலின் கையில் கொடுத்து ஒரு படம் எடுத்து வைத்தால் நிறத்தைப் பின்னர் சரியாகத் திருத்தலாம்.

கறுத்த தோலுக்கு வெளிச்சம்

கமரா தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டுதான் வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளைச் சேலை உடுத்திய கறுத்த பெண்ணைக் கண்டால் சேலையைச் சாம்பலாக்க முயன்று முகத்தை இருளாக்கும். கறுப்புத் திரைக்கு முன் நிறுத்தினால் திரையைச் சாம்பலாக்க முயன்று முகத்தை வெளுக்கும். அதனால் அளவை முகத்தில் வைத்து எடுத்து, கையாலேயே அமைக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1950களிலிருந்து கொடாக் நிறுவனம் வண்ணப் படம் அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தார். முதல் மொடலின் பெயரால் அதை ஷேர்லி அட்டை என்றார்கள். அவருடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. கறுத்த தோல் எப்படி வருகிறது என்பது கணக்கில் இல்லை. கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதைப் பதிவுசெய்திருக்கிறார். மண்ணிறத்தின் நுண்மைகளைப் படச்சுருள் சரியாகக் காட்டவில்லை என்ற முறைப்பாட்டில் மரத்தளபாட நிறுவனங்களும் சொக்லேற் நிறுவனங்களும் முன்நின்றன என்பதும் அதில் வருகிறது. பழைய அல்பங்களில் எங்கள் ஆட்களின் முகம் கரிய நிழலாகக் கிடந்தால் முழுப் பழியும் படமெடுத்தவருடையதல்ல.

இன்றைய கமராக்கள் அந்த வேறுபாட்டை நன்றாகவே பிடிக்கும். பழைய பழக்கம் எங்களிடம்தான் மிஞ்சியிருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காமலேயே முகத்தை இரண்டு படி வெளுத்துக் கொடுப்பது பல இடங்களில் வழமை. தொலைபேசிகளின் அழகூட்டும் வசதியும் அதையே செய்கிறது. படமெடுக்கும் முன் அதை அணைத்து வையுங்கள்.

கறுத்த தோலுக்குக் கூட வேண்டியது வெறும் பிரகாசம் அல்ல. தோலின் நிறம் கருமையாகும்போது அது சிதறடிக்கும் வெளிச்சம் குறைகிறது; மேற்பரப்பின் பளபளப்பு எடுப்பாகத் தெரிகிறது. முகத்தின் வடிவத்தை அந்தப் பளபளப்பே வரைகிறது. ஆகவே பெரிய, மென்மையான லைற்றைக் கிட்ட, பக்கவாட்டாக வையுங்கள். கன்னமேட்டிலும் நெற்றியிலும் மூக்கின் தண்டிலும் அகலமான, மெதுவாக மங்கும் மினுக்கம் வரும். சிறிய லைற் என்றால் அதே இடத்தில் வியர்வைப் பொட்டுப் போல வெள்ளைப் புள்ளி விழும். நெற்றியை ஒரு மெல்லிய தாளால் ஒற்றி எடுத்தால் போதும். வெளிறிய பவுடரை அள்ளிப் பூச வேண்டியதில்லை. பின்னணிக்கு வெள்ளையை விட மண்ணிறம், கடும் பச்சை, சாம்பல் நன்றாகப் பொருந்தும்.

தழும்பும் திடுக்கிடலும்

எங்கள் ஊர்களில் மொடலாக வருபவர், மணப்பெண்ணாக வருபவர் எவருடைய உடலிலும் போரின் அடையாளம் இருக்கலாம். நாடியில் செல் துண்டின் தழும்பு, கையில் தீக்காயம், செயற்கைக் கால். அதை மறைப்பதா காட்டுவதா என்று தீர்மானிக்கும் உரிமை படமெடுப்பவருக்கு இல்லை. ஆனால் வெளிச்சம் இரண்டையும் செய்யும் என்பதை அவர் தெரிந்திருக்க வேண்டும். தழும்புக்குக் குறுக்காக, பக்கத்திலிருந்து வரும் கடுமையான வெளிச்சம் அதன் மேடுபள்ளத்தை எடுத்துக் காட்டும். முன்னாலிருந்து வரும் பெரிய மென்மையான வெளிச்சம் அதை அடக்கும். நிழல் பக்கத்தில் விட்டால் மறைந்தும் போகும். "எந்தப் பக்கத்தால எடுக்கிறது உங்களுக்கு விருப்பம்?" என்ற ஒரு கேள்வி போதும். காரணம் கேட்க வேண்டாம்.

பிளாஷ் அடிக்கும்போது திடீர் ஒளியும், சில வகைகளில் "டப்" என்ற சத்தமும் வரும். செல்லடிக்குள் வாழ்ந்தவர்கள் சிலருக்கு அது வெறும் படமெடுப்பு அல்ல. தொடங்கும் முன் ஒருமுறை சுவரில் அடித்துக் காட்டுங்கள். எண்ணிச் சொல்லி அடியுங்கள். முகம் இறுகுவதைக் கண்டால் கேள்வியில்லாமல் எல்இடிக்கோ யன்னலுக்கோ மாறுங்கள்.

மொடல் பெண் என்றால் துணைக்கு ஒருவர் இருக்க வழி செய்யுங்கள். உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள இடம் வேண்டும். சேலை மடிப்பையோ தலைமயிரையோ சரிசெய்ய வேண்டுமானால் சொல்லிச் செய்விக்க வேண்டும், நீங்கள் தொடக்கூடாது. படம் எங்கே, எவ்வளவு காலத்துக்கு வெளிவரும், முகநூலில் போடலாமா, வேறு கடைக்கு விற்கலாமா என்பவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சிறிய ஊரில் ஒரு படம் சம்மதமில்லாமல் சுற்றினால் அதன் பாரம் முழுவதும் அந்தப் பெண்ணின் மேல்தான் விழும்.

ஏழு நாள் பயிற்சி

முதலில் ஆட்களைக் கூப்பிட வேண்டாம். ஒரு வெள்ளை முட்டையும் ஒரு பனம்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். பனம்பழக் காலம் இல்லையென்றால் நன்கு விளைந்த கத்தரிக்காய்.

முதல் நாள் இரண்டுக்கும் நேரே லைற் வையுங்கள். முட்டை தட்டையாகும், பனம்பழம் ஒரு கறுப்பு வட்டமாகி நடுவில் வெள்ளைப் புள்ளி விழும். இரண்டாம் நாள் லைற்றை 15 பாகை வீதம் நகர்த்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். மூன்றாம் நாள் லைற்றுக்கு முன் வெள்ளைத் துணி கட்டி, 1 மீற்றரிலும் 3 மீற்றரிலும் எடுத்து ஒப்பிடுங்கள். துணி கட்டிய லைற் பக்கத்திலும் கிட்டவும் வந்ததும் பனம்பழத்தின் உருண்டை வடிவம் எழும்புவதைப் பார்ப்பீர்கள். நான் கறுத்த முகத்தைப் படமெடுக்கக் கற்றது அங்கேதான். நான்காம் நாள் ரிஜிபோமும் கறுப்புத் துணியும். ஐந்தாம் நாள் பின்னணியை நகர்த்தி அதன் நிறத்தை மாற்றுங்கள். ஆறாம் நாள் வீட்டில் ஒருவரைக் கதிரையில் இருத்தி ஐந்து அமைப்புகளையும் செய்யுங்கள். ஏழாம் நாள் அதே ஐந்தையும் வேறு நிறத் தோலுள்ள இன்னொருவரோடு செய்து, எதை மாற்ற வேண்டியிருந்தது என்று எழுதி வையுங்கள்.

படம் எடுத்த பிறகு

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கியது. சில நாட்களில் வவுனியாவிலும் தொடங்கியது. செய்திக்காக அந்தக் கொட்டகைகளுக்குப் போனபோதெல்லாம் நான் தாய்மாரின் கையிலிருந்த படங்களைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன். பல படங்கள் ஏதோ ஒரு ஸ்ரூடியோவில் எடுத்தவை. அடையாள அட்டைக்காக எடுத்த சிறிய படம் பெரிதாக்கப்பட்டு முகம் கலங்கியிருந்தது. சிலவற்றில் முகம் வெளுத்து, கண்ணும் புருவமும் மட்டும் மிஞ்சியிருந்தன. இடம்பெயர்வில் அல்பம் தொலைந்து, அந்த ஒன்றுதான் இருக்கிறது என்றார்கள். படத்தை எடுத்தவர்கள் அன்றைக்கு ஒரு அவசர வேலையை முடித்திருப்பார்கள். அது எதற்குத் தேவைப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தச் சேலைக்கடைப் படத்தை அடுத்த கிழமை மீண்டும் எடுத்தேன். ஒரு லைற், ஒரு ரிஜிபோம், வளைய அமைப்பு. அம்மா படத்தைக் கையில் வாங்கி, மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். படமெடுத்த ஒவ்வொருவருக்கும் திருத்தாத ஒரு படத்தையாவது அச்சிட்டுக் கொடுக்கிறேன். விளம்பரப் பிரதி கடைக்குப் போகட்டும், அந்தப் பிரதி வீட்டுக்கு. கோப்பைக் கமரா கொடுத்த எண்ணோடு விடுவதில்லை. பெயர், ஊர், திகதி எழுதி, ஒன்று கணினியிலும் இன்னொன்று வேறோர் இடத்திலும் வைக்கிறேன். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. உங்கள் ஸ்ரூடியோவிலும் நாளைக்கே தொடங்கலாம்.